திரைப்பட விழாவில் எதைப் பார்ப்பது?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் வள்ளுவரைப் பற்றியோ கம்பரைப் பற்றியோ பேசுவதுதான் இச்சங்கத்தின் வழக்கம். இவ்வாண்டு சினிமாவைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று கேள்விப்பட்டதும் ஒரு பெரியவர், "அதற்கு மேடை எதற்கு? பொழுது விடிந்தால் வீட்டில் அதுதானே நடக்கிறது?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயமே. ஆனால் நாங்கள் பேச வந்திருப்பது வீட்டில் நடக்கும் சினிமாவைப் பற்றியன்று. ஆண்டுதோறும் டிசம்பர் மாதத்தில் திருவனந்தபுரத்தில் கேரள சர்வதேசத் திரைப்பட விழா நடைபெறுகிறது. எட்டு நாட்களில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட படங்கள். மட்டாஞ்சேரியிலிருந்து அதற்கு ஒவ்வோராண்டும் போய்வருபவர்கள் எங்களில் நால்வர். கடைக்கு ஆள் வைத்துவிட்டோ, ஆபீசுக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டோ, புளியோதரை கட்டிக்கொண்டு ரயிலேறுகிறோம். "அத்தனை படங்களில் எதைத்தான் பார்க்கிறீர்கள்? நாங்கள் வந்தால் எதைப் பார்ப்பது?" என்று காலனியில் பலர் கேட்டுவிட்டார்கள். அந்தக் கேள்விக்கு எங்களுக்குத் தெரிந்த அளவில் விடை சொல்லவே வந்திருக்கிறோம். நாங்கள் கலை விமர்சகர்கள் அல்லர் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறோம்.

திரைப்பட விழா என்பது நம் நாட்டுக்குப் புதியதன்று. 1952-ஆம் ஆண்டு ஜனவரி 24-ஆம் நாள் பம்பாயில் இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா தொடங்கிற்று. பிறகு அது சென்னை, டெல்லி, கல்கத்தா, திருவனந்தபுரம் ஆகிய நகரங்களுக்கும் சென்றது. நம் நாட்டின் சார்பில் 'ஆவாரா', 'பாதாள பைரவி' முதலிய படங்கள் காட்டப்பட்டன. இத்தாலியிலிருந்து 'சைக்கிள் திருடர்கள்' வந்தது. அரண்மனையும் வாட்சண்டையும் இல்லாமல், வேலையில்லாத ஒரு கூலிக்காரனின் ஒரு ஞாயிற்றுக்கிழமையை வைத்தே ஒரு படம் எடுக்கலாம் என்பதை நம்மவர் பலர் அப்போதுதான் கண்டார்கள். 1955-இல் திருச்சூர்ப் பக்கத்து மாணவர்கள் சிலர் பி. ராமதாஸ் என்ற இளைஞரின் டைரக்‌ஷனில் 'நியூஸ்பேப்பர் பாய்' என்ற மலையாளப் படத்தை எடுத்தார்கள். வறுமைப்பட்ட ஒரு சிறுவனைப் பற்றிய அந்தப் படம் இத்தாலியப் படங்கள் காட்டிய வழியிலேயே சென்றது. 1965-இல் அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் திருவனந்தபுரத்தில் 'சித்ரலேகா' என்ற பிலிம் சொசைட்டியைத் தொடங்கினார்கள். அதன்பின் சிற்றூர்களிலும் வாசகசாலைகளிலும் வெண்திரை கட்டி வெளிநாட்டுப் படங்களைக் காட்டும் பழக்கம் கேரளத்தில் பரவியது. இன்று ஓர் ஆட்டோ ஓட்டுபவர் கொரிய டைரக்டரைப் பற்றி நம்மிடம் வாதாடுகிறார் என்றால் அதற்கு இதுவே காரணம்.

கேரளத்தின் சொந்த விழா 1996-இல் கோழிக்கோட்டில் தொடங்கிற்று. பின்னர் திருவனந்தபுரத்தில் நிலைகொண்டது. பெருந்தொற்றுக் காலத்தில் ஒரே ஊரில் கூட்டம் சேரலாகாது என்று 25-ஆவது விழாவை நான்கு ஊர்களுக்குப் பங்கிட்டார்கள். அப்போது 2021 பிப்ரவரியில் ஐந்து நாள் நம் கொச்சிக்கும் அது வந்தது. 2022 ஏப்ரலில் வட்டார விழாவாக மீண்டும் ஒருமுறை வந்தது. தோப்பும்படிப் பாலத்தைக் கடந்து எர்ணாகுளம் போய் உலகத்தைப் பார்த்துவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பும் பாக்கியம் அந்த இரு தடவை நமக்குக் கிடைத்தது. நம் காலனியிலிருந்து அப்போது வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

முதல் ஆண்டு நாங்கள் செய்த மடமையைச் சொல்லிவிடுகிறோம். கையில் கொடுத்த புத்தகத்தை விரித்து, எந்தப் படம் எந்த நாட்டில் பரிசு பெற்றது என்று பார்த்து, அவற்றையெல்லாம் வரிசையாகக் கோடிட்டோம். நாளைக்கு ஐந்து படம். காலை ஒன்பது மணிக்குப் போலந்து, பகலில் சிலி, மாலையில் ஜப்பான், இரவில் ஈரான். மூன்றாம் நாள் எங்களில் ஒருவர் துருக்கிப் படத்தில் தூங்கிப்போய் ரஷ்யப் படத்தில் விழித்தார். இரண்டும் ஒரே கதை என்றே ஊர் திரும்பும்வரை எண்ணியிருந்தார். கல்யாணப் பந்தியில் எல்லாப் பதார்த்தத்தையும் இலையில் வாங்கிக்கொள்பவனுக்கு ஒன்றின் சுவையும் தெரிவதில்லை. நாளைக்கு மூன்று படங்களுக்கு மேல் பார்க்க வேண்டா. பரிசுப் பட்டியலையும் முதலில் பார்க்க வேண்டா. கதைச் சுருக்கத்தைப் படித்து, இதில் வருபவர்கள் நாம் அறிந்தவர்களைப் போல் இருக்கிறார்களா என்று பாருங்கள். அவர்கள் பேசும் மொழி எதுவாயினும் ஆகுக.

கிம் கி-டுக் என்ற பெயரை இங்கே பலர் கேட்டிருப்பீர்கள். தென்கொரியாவின் டைரக்டர். 2013 டிசம்பரில் அவர் திருவனந்தபுரத்துக்கு நேரில் வந்தபோது திரண்ட கூட்டம் நம் கதாநாயகர்களுக்குத் திரளும் கூட்டத்திற்குக் குறைந்ததன்று. 2020-இல் அவர் மறைந்தார். மலைகளுக்கிடையே ஏரியில் மிதக்கும் ஒரு பௌத்த ஆசிரமத்தில் நடக்கும் அவருடைய பருவங்களின் கதை, 2003-இல் வந்தது, பார்க்கத் தக்கது. மற்றவற்றை மாமியாரோடும் வயது வந்த பெண்ணோடும் உட்கார்ந்து பார்க்க எங்களால் சிபாரிசு செய்ய இயலாது. விழாப் படங்கள் தணிக்கைச் சான்றிதழ் இன்றியே காட்டப்படுபவை. ஆகவே சிறு குழந்தைகளை அங்கே அழைத்துச் செல்வதற்கில்லை. இதை முன்னமே அறிந்துகொள்வது நன்று.

இனிப் படங்களுக்கு வருவோம். விழாவில் ஒவ்வோராண்டும் புதுப் படங்கள் வருகின்றன. வரப்போவதை இன்று யாரும் சொல்ல முடியாது. கடந்த ஆண்டுகளில் விழாக்களில் வந்துபோன படங்களில், நம்மைப் போல் ஊர்விட்டு ஊர் வந்து வாழும் குடும்பங்கள் அவசியம் பார்க்க வேண்டியவை என்று நாங்கள் கருதும் சிலவற்றை மட்டும் சொல்கிறோம். இவற்றைப் பார்த்தவர்களுக்கு அடுத்த டிசம்பரில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பது தானே விளங்கும்.

முதலாவது, நம் தமிழ்ப் படமான 'கூழாங்கல்'. பி. எஸ். வினோத்ராஜ் எடுத்தது. 2021-இல் ஹாலந்து நாட்டின் ராட்டர்டாம் விழாவில் 'டைகர்' என்னும் முதற்பரிசைப் பெற்றது. பின்பு கேரள விழாவிலும் காட்டப்பட்டுப் பார்வையாளர்களின் அன்பைப் பெற்றது. மதுரை மாவட்டம் மேலூருக்கருகே அரிட்டாபட்டிப் பக்கத்துப் பொட்டல் காடுதான் களம். கணவனின் குடிக்கும் அடிக்கும் அஞ்சி மனைவி பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். அவளை அழைத்துவர, பள்ளிக்கூடத்தில் இருந்த மகன் வேலுவையும் இழுத்துக்கொண்டு புறப்படுகிறான் கணபதி. போன இடத்தில் சண்டை. திரும்பி வருவதற்கான பஸ் காசைப் பையன் கிழித்தெறிந்து விடுகிறான். உச்சி வெயிலில் தகப்பனும் மகனும் பதின்மூன்று கிலோமீட்டர் நடந்து வீடு திரும்புகிறார்கள். கதை அவ்வளவுதான். ஒன்றேகால் மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. தன் சகோதரி கைக்குழந்தையோடு புகுந்த வீட்டிலிருந்து துரத்தப்பட்டு அவ்வளவு தூரம் நடந்து வந்ததே இந்தப் படத்துக்கு விதை என்று டைரக்டர் கூறியிருக்கிறார். தம் வீட்டுத் துயரத்தை அவர் தகப்பனும் பிள்ளையுமாக மாற்றி நடக்கவிட்டிருக்கிறார்.

இதில் ஒரு சிறு காட்சியை மட்டும் சொல்கிறோம். தாகம் தாங்காமல் பையன் ஒரு கூழாங்கல்லை வாயில் போட்டு அடக்கிக்கொள்கிறான். வீட்டுக்கு வந்ததும் அதைத் துப்பி ஒரு மூலையில் வைக்கிறான். அந்த மூலையில் முன்பே கற்கள் குவிந்து கிடக்கின்றன. இப்படி எத்தனை தடவை அவன் நடந்திருக்கிறான் என்பதை ஒரு வார்த்தை பேசாமல் அந்தக் குவியல் சொல்லிவிடுகிறது. வசனத்தில் மயங்கி வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்த எங்களுக்கு இது பெரிய பாடமாயிருந்தது.

இந்தப் படத்தை, இணையத்தில் வெளிவந்த பின்னர், காலனியில் ஒரு வீட்டில் கூடி மறுபடியும் பார்த்தோம். இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இப்போது கல்லூரியில் இருக்கும் ஒரு பையன் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "மாமா, சப்டைட்டில் போட்டுக்கலாமா? இவர்கள் பேசுவது புரியவில்லை" என்றான். தமிழ்ப் படத்துக்கு, தமிழன் வீட்டில், அடியில் ஆங்கில எழுத்து ஓடியது! எங்களுக்கு முகம் சுண்டிவிட்டது. ஆயினும் அவனைக் குறை சொல்வதெப்படி? வீட்டில் நாம் அவனிடம் பேசுவது பாதி மலையாளம் கலந்த கடைத்தெருத் தமிழ். மேலூர்ப் பேச்சு அவனுக்கு எங்கிருந்து வரும்? அப்போது மூலையில் உட்கார்ந்திருந்த அப்பத்தா ஒருவர், உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர், எழுத்தறியாதவர், "அந்த எழுத்தை எடுத்திருடா. நான் சொல்றேன்" என்றார். அதன்பின் படம் முடியும்வரை அவரே ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் சொன்னார். எலியைப் புகைபோட்டுப் பிடித்துச் சுட்டுத் தின்னும் குடும்பத்தைக் கண்டபோது, "பஞ்சத்துல நாங்களும் தின்னோம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டார். கடைசிக் காட்சியில் பெண்கள் ஊற்றுக்குழியைச் சுற்றி உட்கார்ந்து தண்ணீரைச் சிறுகச் சிறுக மொண்டுகொண்டிருக்கிறார்கள். அப்போது அவர் ஒன்றும் சொல்லவில்லை. பையனும் கேட்கவில்லை.

'கூழாங்கல்'லைப் பார்ப்பவர்கள் அதன் பக்கத்தில் 'சைக்கிள் திருடர்கள்' படத்தையும் வைத்துப் பார்க்க வேண்டும். விட்டோரியோ டி சிகா 1948-இல் எடுத்தது. ரோமாபுரியில் சுவரொட்டி ஒட்டும் வேலை ஒருவனுக்குக் கிடைக்கிறது. சைக்கிள் இருந்தால்தான் வேலை. மனைவி வீட்டிலுள்ள படுக்கை விரிப்புகளை அடகுக் கடையில் கொடுத்துச் சைக்கிளை மீட்டுத் தருகிறாள். முதல் நாளே அது திருட்டுப் போகிறது. தகப்பனும் சிறுவனும் அதைத் தேடி ஊர் முழுதும் நடக்கிறார்கள். முடிவில் தகப்பனே ஒரு சைக்கிளைத் திருடப் போய், மகன் கண்ணெதிரே பிடிபட்டு அவமானப்படுகிறான். தகப்பனாக நடித்தவர் தொழில்முறை நடிகரல்லர், தொழிற்சாலைத் தொழிலாளி. மகன் முன்னிலையில் தலைகுனிந்த தகப்பன் எழுபது ஆண்டுக்கு முன் ரோமாபுரியிலும் இருந்தான், இன்று மேலூரிலும் இருக்கிறான். ஒருவனிடம் குடி இல்லை, மற்றவனிடம் இருக்கிறது. ஆனால் மகனின் பார்வை ஒன்றே. நம் இளைஞர்கள் இவ்விரண்டையும் ஒரே வாரத்தில் பார்த்தார்களானால் போதும். வேறு பாடப் புத்தகம் வேண்டா.

அடுத்தது 'நண்பகல் நேரத்து மயக்கம்'. இதைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். மலையாளத் திரையில் தமிழன் என்றால் யார் என்பது உங்களுக்குத் தெரியும். பெரும்பாலும் கோமாளி, அல்லது கையில் அரிவாளோடு வரும் முரடன். 'பாண்டி' என்று அவனை அழைத்துவிட்டால் கொட்டகை சிரிக்கும். நாமும் சளைத்தவர்களல்லேம். தமிழ்த் திரையில் மலையாளி என்றால் டீக்கடை நாயர், அதற்குமேல் ஒன்றும் இல்லை. இரு பக்கத்துக் கேலியையும் ஒரே காதால் கேட்டுக்கொண்டு வளர்பவர்கள் நம் பிள்ளைகள். இந்நிலையில்தான் லிஜோ ஜோஸ் பெல்லிசேரி என்ற மலையாள டைரக்டர் இந்தப் படத்தை எடுத்தார். எஸ். ஹரீஷ் எழுதினார். மம்மூட்டி நடித்தார். 2022 டிசம்பரில் திருவனந்தபுரம் விழாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டுப் பார்வையாளர் பரிசையும் பெற்றது. விழாவில் வரிசைக்குத் தாமதமாகச் சென்றது எங்கள் தவறு, இடம் கிடைக்கவில்லை. அடுத்த மாதம் கொட்டகைக்கு வந்தபோதுதான் பார்த்தோம்.

ஒரு மலையாள நாடகக் குழுவினர் குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்குப் போய்விட்டுப் பஸ்ஸில் ஊர் திரும்புகிறார்கள். ஜேம்ஸ் என்பவன் அவர்களின் தலைவன். தமிழ்நாட்டுச் சாப்பாட்டைக் குறை சொல்கிறான், பஸ்ஸில் ஒலிக்கும் தமிழ்ப் பாட்டும் அவனுக்குப் பிடிப்பதில்லை. இப்படிப்பட்ட பிரயாணிகளை நாம் நன்கறிவோம். நாமே திருச்சூரைத் தாண்டும்போது மறுபுறமாக அப்படிப் பேசியதுண்டு. மத்தியான வேளையில் எல்லோரும் உறங்குகிறார்கள். ஜேம்ஸ் விழித்தெழுந்து பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி, சோளக் காட்டினூடே நடந்து ஒரு கிராமத்துக்குள் நுழைகிறான். ஒரு வீட்டுக்குள் தன் வீடு போலப் புகுந்து, கொடியில் கிடந்த கைலியை எடுத்துக் கட்டிக்கொள்கிறான். அந்த வீட்டுக்காரன் சுந்தரம் சில காலம் முன்பு காணாமற்போனவன். இப்போது ஜேம்ஸ் பேசுவது சுந்தரத்தின் தமிழ். ஊரார் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைக்கிறான். சுந்தரத்தின் தாய் கண் தெரியாதவர், நாள் முழுதும் டெலிவிஷனின் எதிரே உட்கார்ந்து அதன் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பவர். அவர் அருகில் மகனாகவே அமர்கிறான். பழனிக்கருகே மஞ்சநாயக்கன்பட்டி என்ற ஊரில் எடுத்த படம் இது. தேனி ஈஸ்வரின் காமிரா ஓடுவதில்லை, திண்ணையில் உட்கார்ந்து பார்ப்பவனைப் போல ஓரிடத்தில் அமர்ந்து பார்க்கிறது. பின்னணியில் தனி இசை என்று பெரிதாக இல்லை. அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து வரும் பழைய தமிழ்ப் படங்களின் பாட்டும் வசனமுமே இசை. நம் வீட்டுக் கூடத்தில் மத்தியானம் படுத்திருந்தால் என்ன கேட்குமோ அதுவே கேட்கிறது.

ஜேம்ஸின் மனைவி வெளியே அழுதுகொண்டிருக்கிறாள். சுந்தரத்தின் மனைவி பூங்குழலி வீட்டுக்குள் திகைத்து நிற்கிறாள். இருவரில் எவர்மேல் குற்றம்? ஊரார் கோபப்படுகிறார்கள், ஆனால் வந்தவர்களுக்கு இடமும் கொடுக்கிறார்கள். மலையாளியை நல்லவனாகவும் தமிழனைப் பொல்லாதவனாகவும் காட்டவில்லை. மாற்றியும் காட்டவில்லை. "இது என் ஊர் இல்லையா? நான் உங்களில் ஒருவன் இல்லையா?" என்ற பொருளில் அவன் ஊர்நடுவே நின்று கதறும் இடம் ஒன்று உண்டு. எங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மலையாள நண்பர் அதை ஒரு பெரிய நடிகரின் பெரிய நடிப்பு என்று பார்த்தார். எங்களுக்கு வேறு நினைவு வந்தது. முப்பது ஆண்டு இங்கே இருந்துவிட்டுச் சொந்த ஊர்த் திருவிழாவுக்குப் போகும்போது, "கொச்சிக்காரர் வந்துவிட்டார்" என்கிறார்கள். இங்கே வந்தால் 'தமிழன்'. ஒரு மத்தியானத் தூக்கத்தில் ஆள் மாறிவிடுவது நமக்கு விந்தையான கதையே அன்று. இந்தப் படத்தைப் புரியாத படம் என்று சிலர் சொன்னபோது எங்களுக்குச் சிரிப்பு வந்தது. இந்தக் காலனியில் இதைப் புரியாதவர் யார்?

2015-ஆம் ஆண்டு விழாவில் 'சுவர்ண சகோரம்' என்ற தலைமைப் பரிசை வென்றது 'ஒற்றால்'. அந்தப் பரிசைப் பெற்ற முதல் மலையாளப் படம் அதுவே. ஜயராஜ் எடுத்தது. ருஷிய எழுத்தாளர் செகாவின் 'வான்கா' என்ற சிறுகதையைக் குட்டநாட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார். செகாவின் கதையில் செருப்புத் தைப்பவனிடம் வேலைக்கு விடப்பட்ட சிறுவன், தன்னை வந்து அழைத்துப் போகும்படி தாத்தாவுக்குக் கடிதம் எழுதுகிறான். ஊர்ப்பெயர் எழுதத் தெரியாமல் தாத்தாவின் பெயரை மட்டும் எழுதித் தபாலில் போட்டுவிடுகிறான். ஜயராஜின் படத்தில் தாத்தா வாத்து மேய்ப்பவர். அவராக நடித்த குமரகம் வாசுதேவன் உண்மையில் மீன் பிடிப்பவர். சிறுவன் விடப்படுவது எங்கே தெரியுமா? நம் சிவகாசிப் பட்டாசுத் தொழிற்சாலையில். இதைப் பார்த்த நம்மவர் ஒருவர், "தமிழ்நாட்டைக் கேவலப்படுத்திவிட்டான்" என்று சினந்தார். அந்தக் கோபத்தில் எங்களுக்கு உடன்பாடில்லை. குட்டநாட்டுக் காயலின் அத்தனை அழகையும் காட்டிவிட்டு, அந்த அழகுக்குள்ளிருந்தே ஒரு குழந்தையை விற்றுவிடும் மனிதர்களையும் அதே படம் காட்டுகிறது. தரகனும் மலையாளியே. பிள்ளையை வேலைக்கு அனுப்பும் வறுமைக்கு எல்லைக் கோடு ஏது? நம்மிலேயே பத்து வயதில் டம்ளர் கழுவ இந்த ஊருக்கு வந்தவர்கள் இச்சபையில் அமர்ந்திருக்கிறார்கள். பெயர் சொல்லவில்லை.

கொச்சிக்கு விழா வந்த 2021-இல் தலைமைப் பரிசு பெற்ற படம் ஆப்பிரிக்காவின் லெசோத்தோ என்ற சிறு மலைநாட்டிலிருந்து வந்தது. 'இது அடக்கமன்று, உயிர்த்தெழுதல்' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். லெமோஹாங் ஜெரமையா மொசேசே எடுத்தது. எண்பது வயது விதவை ஒருத்தி சுரங்க வேலைக்குப் போன தன் கடைசி மகனும் இறந்துவிட்டான் என்று அறிகிறாள். இனித் தானும் செத்து, தன் முன்னோருடன் மண்ணில் கிடப்பதே அவள் ஆசை. அந்த வேளையில் அணைக்கட்டுக்காக அந்தப் பள்ளத்தாக்கையே நீரில் மூழ்கவிடப் போவதாகச் செய்தி வருகிறது. உயிருள்ளவர்கள் பட்டணத்துக்குப் போகலாம், கல்லறையில் இருப்பவர்கள்? கிழவி அரசாங்கத்தை எதிர்த்து எழுந்து நிற்கிறாள். அவளாக நடித்த மேரி ட்வாலா என்ற மூதாட்டி 2020-இல் காலமாகிவிட்டார். படம் மெதுவாகச் செல்வது. அவசரக்காரர்களுக்கு உகந்ததன்று. ஆனால் கடைசிக் காலத்தில் "என்னை ஊரில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடு" என்று கேட்ட தந்தையை, இங்கேயே தகனம் செய்யவேண்டி வந்த பிள்ளைகள் நம்மிடையே உண்டு. அவர்கள் இதைத் தனியே பார்க்க வேண்டா, யாரையாவது உடன் அழைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனை தொலைவு போனபின் நம் தெருவுக்குத் திரும்புவோம். ராட்டர்டாம் விழாவுக்கு மேலூர்ப் படம் போன அதே 2021-இல் மட்டாஞ்சேரிப் படம் ஒன்றும் போயிற்று. ராஜீவ் ரவியின் 'துறமுகம்' அது. கே. எம். சிதம்பரனின் நாடகத்திலிருந்து எடுத்தது. 2023-இல் கொட்டகைகளுக்கு வந்தது. நம் துறைமுகத்தில் 'சாப்ப' என்றொரு முறை இருந்தது. காலையில் கூடிநிற்கும் கூலியாட்கள் நடுவே கங்காணி உலோக வில்லைகளை வீசி எறிவான். அடித்துப் பிடித்து எவன் கையில் வில்லை அகப்படுகிறதோ அவனுக்கே அன்றைக்கு வேலை. அந்த முறையை எதிர்த்து எழுந்த போராட்டத்தில், 1953-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் மட்டாஞ்சேரியில் போலீசார் சுட்டார்கள், தொழிலாளர்கள் மாண்டார்கள். நாம் தினமும் மளிகை வாங்கப் போகும் தெருக்கள்! டச்சுக்காரர் காலத்தில் துணி வெளுக்க வந்தவர்களின் வழிவந்த தமிழ்க் குடும்பங்கள் இன்றும் கோட்டைக் கொச்சி வெளியருகே தோபிகானாவில் இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கின்றன. இந்த ஊரின் கூலிக் கதை நம்மையும் சேர்ந்ததே. படம் நீளம் என்பதும், நடுவே தொய்கிறது என்பதும் உண்மை. என்றாலும் வில்லை வீசும் அந்த முதற்பகுதிக்காகவே பார்க்கலாம். அதில் மனம் பற்றியவர்கள் ஜான் ஆபிரகாம் 1986-இல் எடுத்த 'அம்ம அறியான்' படத்தையும் தேடிப் பாருங்கள். ஊர் ஊராகப் படம் காட்டி மக்களிடம் சில்லறையாகத் திரட்டிய பணத்தில் எடுத்த படம் அது. இறந்துபோன நண்பனின் செய்தியை அவன் தாயிடம் சொல்ல வயநாட்டிலிருந்து புறப்படும் இளைஞர்களின் நடை நம் கொச்சியில்தான் வந்து முடிகிறது.

அதே ஜான் ஆபிரகாம் தமிழிலும் ஒரு படம் எடுத்தார் என்பது பலருக்குத் தெரியாது. 'அக்ரகாரத்தில் கழுதை', 1977. வெங்கட் சாமிநாதன் எழுதியது. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதையும் பெற்றது. தாயிழந்த கழுதைக்குட்டி ஒன்றைப் பேராசிரியர் ஒருவர் அக்ரகாரத்துக்குக் கொண்டுபோகிறார். ஊர் அதை அடித்துக் கொல்கிறது, பிறகு அதற்கே கோயில் கட்ட நினைக்கிறது. சிலருக்கு இது மனம் நோகச் செய்யும். எங்களில் ஒருவருக்கு நொந்தது. அவரே மறுமுறையும் பார்த்தார்.

பிள்ளைகளுக்கு என்ன என்று தாய்மார்கள் கேட்கக்கூடும். மஜீத் மஜீதி 1997-இல் எடுத்த ஈரானியப் படம் 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' வீட்டிலேயே காட்டத் தக்கது. தங்கையின் ஷூவைத் தொலைத்துவிட்ட அண்ணன், தன் ஒரே ஜோடியை அவளோடு பங்கிட்டுக்கொண்டு பள்ளிக்கு ஓடுகிறான். ஓட்டப் பந்தயத்தில் மூன்றாம் பரிசு ஷூ என்பதால் மூன்றாவதாக வர முயன்று, பாவம், முதலாவதாக வந்துவிடுகிறான். எட்டு வயதுப் பிள்ளைக்கு எந்த மொழியும் தெரியாவிட்டாலும் விளங்கும்.

போகும் வகையையும் சொல்லி முடிக்கிறோம். விழா அறிவிப்பு வந்தவுடனே பிரதிநிதிச் சீட்டுக்குப் பெயர் பதிந்துவிட வேண்டும், தாமதித்தால் கிடைப்பதரிது. தங்குவதற்குத் தம்பானூர் ரயில் நிலையத்தருகே இடம் பார்த்தால் கொட்டகைகளுக்கு நடந்தே போகலாம். எட்டு நாளும் இருக்க முடியாதவர்கள் கடைசி மூன்று நாட்களைத் தேர்ந்துகொள்ளுங்கள். அதற்குள் எந்தப் படம் நல்ல படம் என்ற செய்தி வரிசையில் நிற்பவர்களிடையே பரவியிருக்கும். அந்த வரிசையின் தீர்ப்பு பத்திரிகைகளின் தீர்ப்பைவிட நம்பத் தகுந்தது என்பது எங்கள் அனுபவம்.

இவ்வாண்டு எங்களோடு வருவதற்கு இதுவரை எழுவர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அவர்களுள் அந்த உசிலம்பட்டி அப்பத்தாவும் ஒருவர். எழுத்துப் படிக்கத் தெரியாதவருக்கு அடியில் ஓடும் வரிகளை யார் சொல்வது என்று ஒரு கேள்வி எழுந்தது. அந்தக் கல்லூரிப் பையன், தானே பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறான். இன்னும் வர விரும்புவோர் இன்றிரவே காரியதரிசியிடம் பெயர் கொடுக்கலாம்.